ஃபோர்ட் வொர்த் மியூசியங்களில் ஒரு நாள்: அந்தக் கான்கிரீட் கட்டடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

டல்லாஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை ஃபோர்ட் வொர்த் மியூசியங்களுக்குக் கூட்டிப்போவதாக மகன் சொல்லியிருக்கிறார். கிம்பெல் மியூசியத்தின் படத்தைப் பார்த்தால் கிடங்குகளை வரிசையாகக் கட்டி வைத்தது போல இருக்கிறது, இதைப் பார்க்கவா உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள், ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாத நாங்கள் என்ன செய்வது, ஒன்பது வயதுப் பேரனுக்குச் சலிப்பாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் பார்ப்பது என்பதைவிட, எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் போய் ஒரு நாளை வீணாக்கிவிடுவோமோ என்ற தயக்கம்தான் உங்கள் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் கட்டடக் கலை படித்து, டெக்சாஸில் அந்தத் தொழிலிலேயே பல வருடங்களாக இருப்பவன். அதனால் கட்டடத்தைப் பற்றிச் சொல்வதைப் பொறுப்போடு சொல்ல முடியும். ஓவிய வரலாறு என் துறை இல்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வதை அடிக்கடி அங்கே போகிற ஒரு பார்வையாளனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் வொர்த் நகர மையத்துக்கு மேற்கே, ஒரு சரிவான நிலத்தில், மூன்று கலை மியூசியங்கள் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. மேட்டில் அமன் கார்ட்டர் மியூசியம், நடுவில் கிம்பெல், கிழக்கே தெருவைத் தாண்டினால் மாடர்ன் என்கிற நவீனக் கலை மியூசியம். அதே வரிசையில் அவற்றை வடிவமைத்தவர்கள்: 1961-இல் ஃபிலிப் ஜான்சன், 1972-இல் லூயி கான், 2002-இல் ஜப்பானின் ததாவோ ஆந்தோ, 2013-இல் கிம்பெலுக்கு எதிரே இன்னொரு கட்டடமாக இத்தாலியின் ரென்சோ பியானோ. இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலையில் பெரிய பெயர்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கிற இடம் அமெரிக்காவிலேயே அபூர்வம். ஆனால் பெயர்களை மறந்துவிட்டுப் போகலாம். நால்வரும் ஒரே சிக்கலை எதிர்கொண்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் வெயில். டெக்சாஸ் மதியத்தில் வெளியே வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு). எண்ணெய் ஓவியத்துக்கு மியூசியங்கள் வழக்கமாக அனுமதிப்பது சுமார் 200 லக்ஸ். காகிதத்தில் வரைந்தவற்றுக்கும் புகைப்படங்களுக்கும் சுமார் 50. அதற்கு மேல் போனால் நிறம் வெளுக்கும், காகிதம் பழுக்கும். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. ஜன்னலை அடைத்து மின்விளக்கு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. உலகின் பல மியூசியங்கள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட அறையில் ஒரு மணி நேரம் நின்றால் காலையா மாலையா என்றே தெரியாது, தலை கனக்கும். வெயிலை உள்ளே விட வேண்டும், ஆனால் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்து விட வேண்டும். இந்த நாலு கட்டடங்களும் அதற்குக் கிடைத்த நாலு விடைகள். அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் கட்டடக் கலை படிக்காதவருக்கும் வேலை இருக்கிறது: ஒவ்வொரு அறையிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது.

சரி, கிம்பெலுக்கு வருவோம். அதிகம் சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான். கே கிம்பெல் என்பவர் தானிய ஆலை, எண்ணெய், மளிகை என்று பல தொழில் செய்த ஃபோர்ட் வொர்த் பணக்காரர். 1964-இல் இறந்தபோது தன் சொத்தை ஒரு கலை மியூசியத்துக்கு விட்டுப்போனார். முதல் இயக்குநரான ரிச்சர்ட் ஃபார்கோ பிரவுன் இயற்கை வெளிச்சம் கட்டாயம் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1966-இல் அவர் லூயி கானைத் தேர்ந்தெடுத்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த அதே கான். 1974-இல் அகமதாபாத்தில் இருந்து திரும்புகிற வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார். அவர் வாழ்நாளில் முழுதாக முடித்துப் பார்த்த கடைசிப் பெரிய கட்டடங்களில் கிம்பெலும் ஒன்று.

நீங்கள் படத்தில் பார்த்த அந்த வளைந்த கூரைகள் மொத்தம் 16. ஒவ்வொன்றும் 100 அடி நீளம், உள்ளே சுமார் 20 அடி அகலம். தாங்குவது நாலு மூலையில் நாலு தூண்கள் மட்டும். அந்த வளைவு அரைவட்டம் இல்லை. உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தால் அது காற்றில் என்ன கோடு போடுமோ, அந்தக் கோடு. சைக்ளாய்டு என்பார்கள். அரைவட்டத்தைவிடத் தாழ்வாக, பக்கங்களில் மென்மையாக இறங்கும். அதனால் உள்ளே நிற்கும்போது கூரை உயரமாகவும் இருக்கிறது, அதே நேரம் வீட்டு அளவை விட்டுப் பெரிதாகப் போகவும் இல்லை.

இப்போது தலையை நிமிர்த்தி வளைவின் உச்சியைப் பாருங்கள். கூரையின் முழு நீளத்துக்கும் அங்கே ஒரு பிளவு விட்டிருக்கிறார்கள். கட்டட வேலை தெரிந்தவருக்கு இது திடுக்கிடும் விஷயம். நம் ஊர்க் கொத்தனார் யாரையும் கேளுங்கள், வில்வளைவுக்கு உயிர் உச்சியில்தான் என்பார். இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று சாய்த்துப் பிடிப்பது அங்கேதான். கான் அதையே திறந்து விட்டுவிட்டார். அப்படியானால் இது வில்வளைவு மாதிரி நிற்கவில்லை என்று அர்த்தம். நிற்பது உத்தரம் மாதிரி. தட்டையான தகரம் தொங்கும், அதையே வளைத்தால் விறைப்பாக நிற்கும் இல்லையா, அதே தத்துவம். வளைந்த கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிவடங்களை நீளவாக்கில் ஓடவிட்டு, கான்கிரீட் இறுகிய பிறகு அவற்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். போஸ்ட் டென்ஷனிங் என்று நம் பாலம் கட்டுகிறவர்கள் சொல்வது. ஆகஸ்ட் கொமெண்டன்ட் என்ற பொறியாளரின் வேலை அது. சாட்சி வேண்டுமானால் கூரை முடிகிற பக்கச் சுவருக்குப் போங்கள். சுவருக்கும் வளைவுக்கும் நடுவே வில் வடிவில் ஒரு கண்ணாடிக் கீற்று இருக்கும். சுவர் கூரையைத் தொடவே இல்லை. தாங்குவதெல்லாம் சாம்பல் நிறக் கான்கிரீட். இடத்தை அடைக்க மட்டும் வைத்தது மஞ்சள் கலந்த டிராவர்டீன் கல். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கட்டடம் முழுக்க எது சுமக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று பேரனையே சொல்லச் சொல்லலாம். கான் எந்த இடத்திலும் ஏமாற்றவில்லை.

உச்சிப் பிளவின் கீழே இறக்கை போல விரிந்த அலுமினியத் தகடு தொங்கும். வெயில் முதலில் அதில் விழுந்து, மேல் நோக்கித் திரும்பி, வளைந்த கான்கிரீட்டில் பரவி, அப்புறம்தான் அறைக்குள் இறங்குகிறது. தகட்டில் பொடித் துளைகள் இருப்பதால் அதன் அடிப்பக்கம் இருண்டு போகாமல் லேசாகத் தெரியும். விளக்கு வடிவமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லியோடு சேர்ந்து செய்தது. கரடுமுரடான பொருள் என்று நாம் நினைக்கிற கான்கிரீட் அந்த வெளிச்சத்தில் வெள்ளிப் பூச்சு போட்டது போல மினுங்குகிறது. புகைப்படத்தில் இது வரவே வராது. நீங்கள் கிடங்கைப் பார்த்ததற்குக் காரணம் உங்கள் கண் இல்லை, கேமரா. ஒரு பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். வெளியே மேகம் வந்தால் கூரை மங்கும், விலகினால் ஒளிரும். அந்த மாற்றத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். அங்கே மின்விளக்கே கிடையாது, எல்லாம் சூரிய வெளிச்சம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. கூரையை நிறைப்பது சூரியன், ஓவியத்தின் மீது விழுவதில் ஒரு பங்கு தகட்டோடு பொருத்திய சிறு விளக்குகள். போய் நின்று பார்த்தாலே தெரியும். இதனால் கட்டடத்தின் பெருமை எனக்குக் குறையவில்லை.

கிடங்கு மாதிரி இருக்கிறது என்று சொன்னீர்களே, அதற்கு வெட்கப்பட வேண்டாம். டெக்சாஸ் தானியக் கிடங்குகளையும் பழைய ரோமானியப் பண்டகசாலைகளின் வளைந்த கூரைகளையும் ஆய்வாளர்களே இதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். கான் 1950-51 வாக்கில் ரோமில் தங்கி இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தது உறுதியான செய்தி. அங்கே கண்டதைத்தான் இங்கே கட்டினார் என்பது ஊகம். நல்ல ஊகம், அவ்வளவுதான். வளைவுக்கு வடிவம் தேடிய கதையிலும் பல கைகள் இருக்கின்றன. சைக்ளாய்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததில் கானின் அலுவலகத்தில் இருந்த மார்ஷல் மேயர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே மேதை ஒரே இரவில் வரைந்தது என்கிற மாதிரிக் கதைகளை நம்ப வேண்டாம்.

எந்த வழியாக நுழைவது என்பது இங்கே ரொம்ப முக்கியம். கட்டடத்தின் முகம் மேற்குப் பக்கம். புல்வெளி, மெல்லிய மரங்களின் தோப்பு, காலடியில் சரளைக் கல், இரண்டு பக்கமும் வழியும் நீர், மேலே ஒரு வேலையும் இல்லாமல் நிழல் மட்டும் தருகிற திறந்த வளைவுக் கூரை என்று கான் நம்மைப் படிப்படியாக வெயிலில் இருந்து இறக்கி உள்ளே கொண்டுபோகிறார். கண்ணும் அதற்குள் பழகிவிடும். ஆனால் கார் நிறுத்துமிடம் கிழக்கே அமைந்ததால் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலானவர்கள் பின்பக்கம், கீழ்த்தளம் வழியாகவே வந்தார்கள். பியானோவின் கட்டடம் வந்தபோது அதன் அடியில் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். அங்கே நிறுத்தி மேலே ஏறினால் கானின் மேற்கு முகம் எதிரே நிற்கும். மகனிடம் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். கிம்பெலுக்குப் பக்கவாட்டில், தெற்குப் புல்லில், நாலு கருங்கற்கள் இருக்கும். கானின் நினைவாக அவருடைய நண்பரான சிற்பி இசாமு நொகுச்சி அமைத்தவை.

பியானோ கட்டடம் வேண்டுமா என்பதில் கட்டடக் கலைஞர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. 1989-இல் கானின் வளைவுகளையே இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டலாம் என்று ஒரு திட்டம் வந்து, கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிறகு வந்த பியானோ, இளம் வயதில் கானின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தள்ளி நின்று, உயரத்தைக் கானின் கட்டடத்துக்கு ஒப்பாக வைத்து, கண்ணாடிக் கூரையை மர உத்தரங்களின் மேல் மிதக்கவிட்டார். உள்ளே வெளிச்சம் சீராக, அழகாக இருக்கிறது. பழைய புல்வெளியின் பெரும்பகுதி போனது எனக்கு வருத்தம்தான். அந்த இழப்புக்குப் பதிலாக எல்லோரும் மேற்கு வாசலில் நுழைய வழி கிடைத்தது என்பதால் நான் அதை ஏற்றுக்கொள்கிறேன். மற்றவர்கள் ஏற்காததற்கும் நியாயம் இருக்கிறது.

ஓவியங்களுக்கு வருகிறேன். கிம்பெலின் சேகரிப்பு மொத்தமே சுமார் 350 பொருள்கள்தான். குறைவாக, ஆனால் மிகச் சிறந்ததாக வாங்குவது என்பது ஆரம்பத்தில் இருந்தே அவர்கள் கொள்கை. அதனால் உங்களைப் போல முதன்முறை வருகிறவருக்கு இதைவிட நல்ல மியூசியம் கிடையாது. கால் வலிக்க வலிக்க நூறு அறை சுற்ற வேண்டாம். மூன்று நாலு மட்டும் பாருங்கள். முதலில் இரண்டு சீட்டாட்ட ஓவியங்கள். கரவாஜ்ஜோ சுமார் 1595-இல் வரைந்ததில், ஒரு பணக்காரப் பையன் ஒன்றும் அறியாமல் தன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் நிற்பவன் கிழிந்த கையுறைக்குள் இருந்து விரல் நீட்டிக் கூட்டாளிக்குச் சைகை செய்கிறான். கூட்டாளியின் கை முதுகுக்குப் பின்னால் ஒளித்த சீட்டை எடுக்கிறது. இன்னொன்று ஜார்ஜ் டி லா டூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1630-களில் வரைந்தது. அதே ஏமாற்று வேலைதான், ஆனால் இங்கே எல்லாம் கடைக்கண்ணால் நடக்கிறது. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கண்களை மட்டும் பின்தொடருங்கள். இதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. பேரன் உங்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பான்.

அடுத்தது சின்னப் பலகை ஓவியம்: புனித அந்தோணியாரைப் பேய்கள் பிய்த்து இழுக்கிற காட்சி. மைக்கலாஞ்சலோ 12, 13 வயதில் வரைந்ததாகச் சொல்லப்படுவது, 2009-இல் வாங்கினார்கள். எது உறுதி, எது இல்லை என்பதை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். மார்ட்டின் ஷோங்காவர் என்ற ஜெர்மானியரின் அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்தது என்பது உறுதி. மைக்கலாஞ்சலோ சிறுவனாக அந்த அச்சுப் படத்துக்கு வண்ணம் தீட்டியதாகவும், பேயின் செதில்களுக்காக மீன்களைக் கவனித்ததாகவும் அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பலகைதான் அது என்பதை மியூசியமும் பல அறிஞர்களும் ஏற்கிறார்கள், ஏற்காதவர்களும் உண்டு. ஓவிய அறிஞன் இல்லாத நான் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செதில்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள், அது யார் கையாக இருந்தாலும் பிரமாதம். ஆசியப் பகுதியில் வட இந்தியாவின் மதுராவில் செதுக்கிய, குஷாண காலத்துச் சிவப்பு மணற்கல் புத்தர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கனிஷ்கரின் நாலாம் ஆண்டு என்று கல்வெட்டே இருக்கிறது. ஆனால் கனிஷ்கரின் ஆண்டுக் கணக்கு எப்போது தொடங்கியது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதனால் கி.பி. கணக்கு அரை நூற்றாண்டு முன்பின் ஆகும். பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், கடனுக்கும் அனுப்புவார்கள். தேடி அலையாமல் வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள்.

அமன் கார்ட்டர் மியூசியத்தைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அமன் கார்ட்டர் ஊரின் பத்திரிகை முதலாளி. டல்லாஸ் மேல் அவருக்கு அவ்வளவு கோபம், அங்கே போனால் காசு செலவழிக்கக் கூடாது என்று சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவார் என்று கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, ஊர் அவரை அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது. முன்வாசல் தாழ்வாரத்தின் கல்லைத் தொட்டுப் பாருங்கள். சிப்பிகள் பதிந்து போன டெக்சாஸ் சுண்ணாம்புக் கல் அது. வாசல் கிழக்கே நகரத்தைப் பார்த்து நிற்கிறது, காலை வெயில் தாழ்வாரத்தில் விழும். அந்தப் பார்வையை மறைக்கக் கூடாது என்பதால்தான் பிறகு வந்த கிம்பெல் தாழ்வாகக் கட்டப்பட்டது. உள்ளே ரெமிங்டன் என்ற அமெரிக்க ஓவியரின் குதிரைவீரர்கள் பாய்ந்து வருகிற 1889-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று உண்டு, பெரியது, பையனுக்குப் பிடிக்கும். புகைப்பட அறைகள் மங்கலாக இருந்தால் விளக்கு பழுது என்று நினைக்காதீர்கள், மேலே சொன்ன 50 லக்ஸ் கணக்குதான்.

மாடர்னை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆந்தோவின் விடை வேறு மாதிரி: கான்கிரீட் பெட்டியைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேல் நீண்டு வெளியே நிற்கும் கூரை, அதைத் தாங்கும் 40 அடி உயர ஒய் வடிவத் தூண்கள், கீழே ஒன்றரை ஏக்கர் குளம். கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே நடக்கலாம், ஓவியம் உள்பெட்டியில் பத்திரமாக இருக்கும். கான்கிரீட் சுவரில் வரிசை பிசகாமல் சின்னக் குழிகள் தெரியும். சென்ட்ரிங் பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகள் விட்ட தடம் அது. நம் ஊரில் பூச்சு போட்டு மூடிவிடுவோம். ஆந்தோ அந்தக் குழிகளின் இடத்தையும் முன்பே வரைந்து வைத்துத்தான் வார்க்கச் சொல்வார். மேலே பூச்சு வராது என்றால் வார்க்கும்போதே சுத்தமாக வர வேண்டும். இவ்வளவு வழவழப்பான கான்கிரீட்டை வார்ப்பது எத்தனை கஷ்டம் என்று தளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

உள்ளே இருப்பவை நவீனக் கலை. புரியவில்லை என்றால் கடந்து போங்கள், தப்பே இல்லை. மார்ட்டின் பியூரியரின் மர ஏணியை மட்டும் தேடிப் பாருங்கள். சுமார் 36 அடி நீளம், கீழே ஓரளவு அகலமாகத் தொடங்கி உச்சியில் ஓர் அங்குலம் சொச்சமாகக் குறுகிவிடும், தரையில் ஊன்றாமல் தொங்கும். அடிமையாகப் பிறந்து பெரும் கல்வியாளரான புக்கர் வாஷிங்டனின் பெயரில் செய்தது. அப்புறம் முட்டை வடிவ அறையில் அன்செல்ம் கீஃபரின் ஈயச் சிறகு முளைத்த புத்தகம்.

நடைமுறைக்கு: சனிக்கிழமை போவது நல்லது, திங்களன்று மூன்றுமே மூடியிருக்கும். கிம்பெலின் நிரந்தர சேகரிப்பையும் அமன் கார்ட்டரையும் இலவசமாகப் பார்க்கலாம், கிம்பெலில் சிறப்புக் கண்காட்சிக்கும் மாடர்னுக்கும் டிக்கெட் உண்டு. கிளம்புகிற அன்று நேரத்தை அவர்கள் இணையதளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். காலையில் அமன் கார்ட்டர், அங்கிருந்து சரிவில் இறங்கி மேற்கு வாசல் வழியாகக் கிம்பெல், சாப்பிட்டுவிட்டு மாடர்ன் என்ற வரிசையில் போனால் வெயிலும் ஒத்துழைக்கும், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவதும் இறக்கமாகவே இருக்கும். முட்டி வலி இருந்தால் கார்ட்டரை விட்டுவிடுங்கள், கிம்பெலை அவசரப்படுத்தாதீர்கள்.

பேரனுக்கு இடையில் அலுப்புத் தட்டினால் மாடர்னுக்கு வெளியே ரிச்சர்ட் செர்ராவின் துருப்பிடித்த இரும்புத் தகட்டுக் கோபுரத்துக்குக் கூட்டிப்போங்கள். 67 அடி உயரம், தகடுகளுக்கு நடுவே உள்ளே நுழையலாம். நடுவில் நின்று கை தட்டச் சொல்லுங்கள், எதிரொலி மேலே சுழன்று போகும். அங்கே யாரும் சத்தம் போடாதே என்று சொல்ல மாட்டார்கள்.